யானை விளக்கும் தேயிலைப் பொதி உறையும்: பசைக்கு ஒரு வழி சொல்லுங்கள்

உறவுகளே, வணக்கம். இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சனிக்கிழமைகளில் பன்னிரண்டு பிள்ளைகளுடன் காகித ஒட்டுப்படம் செய்கிறேன். தேயிலைப் பொதி உறை, பஸ் டிக்கெட், பழைய நாட்காட்டித் தாள் என்று வீட்டில் மிஞ்சுவதுதான் எங்கள் பொருள்.

கேகாலை மாவட்டம் தெதிகமவில் கிடைத்த 12ஆம் நூற்றாண்டு யானை விளக்கின் படத்தை அண்மையில் காட்டினேன். யானையின் வயிற்றில் எண்ணெய் இருக்கும். கீழே தட்டில் எண்ணெய் குறைந்தால் தானாக இறங்கும், போதுமான அளவு வந்ததும் நின்றுவிடும். இதைக் கேட்டதும் பிள்ளைகள் துள்ளினார்கள். ஒரு சிறுமி வெள்ளித்தாளில் யானை வெட்டி, அதன் முதுகில் கொழுந்துக் கூடையை ஏற்றிவிட்டாள். எனக்கு அவ்வளவு பிடித்துவிட்டது!

ஆனால் கோதுமை மாவில் காய்ச்சும் பசை இந்த மழையிலும் மூடுபனியிலும் காய்வதே இல்லை. நாலாம் நாள் பூஞ்சணம் பிடிக்கிறது, தாள் சுருள்கிறது. அந்த யானையும் கெட்டுப்போனது. துருசு (மயில்துத்தம்) கலந்தால் பூஞ்சணம் வராது என்கிறார்கள். அது நஞ்சு, சின்னக் கைகளுக்கு ஆகாது. நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் இந்த வேலை செய்பவர்கள் யாராவது இருந்தால், பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான, செலவு குறைந்த பசை எது, ஒட்டிய தாளை எப்படிக் காய வைப்பது என்று சொல்லுங்கள்.

உங்கள் வீட்டுப் பழைய உரல், ஆட்டுக்கல், பித்தளை விளக்குகளின் படங்களையும் அனுப்புங்கள். அடுத்த சனிக்கிழமை அவற்றைத்தான் வெட்டப்போகிறோம்.