தட்டம்மை ஊசி: புதன்கிழமை போதாதா, முகாமும் வேண்டுமா?

சாயல்குடிக்காரன்:
2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா முகாம் நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லாருக்கும் ஒரு ஊசி, முன்பே போட்டிருந்தாலும் சரி. எனக்கு அது வீண் வேலையாகத்தான் பட்டது. என் அக்கா மகன் இரண்டு தவணையும் போட்டவன். பள்ளிக்கூடத்தில் மூன்றாவதும் போட்டார்கள். பனங்காட்டில் விடிலி (ஓலைக் குடிசை) போட்டுத் தங்கியிருந்த குடும்பங்களின் பிள்ளைகளையோ யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அந்தச் செலவில் வாராவாரம் புதன்கிழமை போடும் வழக்கமான தடுப்பூசியை ஒழுங்காகப் போட்டிருக்கலாம்.

பாம்பன் பொண்ணு:
அண்ணே, மூன்றாவது ஊசியால் கெடுதல் ஒன்றுமில்லை. 9 மாதத்தில் போடுவது 100 பிள்ளைகளில் சுமார் 85 பேருக்குத்தான் பிடிக்கும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பு சக்தி அப்போதும் கொஞ்சம் மிச்சம் இருந்து மருந்தைத் தடுத்துவிடும். அதனால்தான் 16 மாதத்துக்கு மேல் இரண்டாம் தவணை. இப்போது கணக்குப் போடுங்கள். 100 பேரில் 90 பேருக்கு முதல் தவணை மட்டும் போட்டால் பாதுகாப்பு கிடைப்பது 76, 77 பேருக்கு. தட்டம்மையை நிறுத்த 95 பேர் வேண்டும். ஒரு நோயாளியிடமிருந்து 12 முதல் 18 பேருக்குப் பரவக்கூடியது அது. வருடா வருடம் விடுபட்டவர்கள் சேர்ந்துகொண்டே போவார்கள். அட்டை எங்கே, எத்தனை தவணை என்று விசாரிக்காமல் ஒரே மூச்சில் அவர்களை வளைத்துப் பிடிப்பதுதான் முகாம்.

தேவிபட்டினம் தாத்தா:
எங்கள் காலத்தில் மணல்வாரி, அதுதான் இந்தத் தட்டம்மை, வந்தால் வேப்பிலை கட்டி, இளநீர் கொடுத்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். பிழைக்கவில்லையா? இந்த ஊசியால் பிள்ளைக்கு ஆட்டிசம் வரும் என்று வாட்ஸப்பில் வந்ததே?

பாம்பன் பொண்ணு:
பிழைக்காதவர்கள் இங்கே வந்து எழுத முடியாதே, தாத்தா. வேப்பிலையை நான் குறை சொல்லவில்லை, என் அப்பத்தாவும் கட்டியவர்தான். ஆனால் தட்டம்மைக்குப் பின்னால் வரும் நிமோனியாவும் வயிற்றுப்போக்கும் அதற்குக் கேட்காது. உடம்பு முன்பு சேர்த்து வைத்த எதிர்ப்பு சக்தியையும் இந்த நோய் அழித்துவிடும். பிள்ளை மாதக்கணக்கில் வேறு நோய்களுக்கு ஆளாகிக்கொண்டே இருக்கும். ஆட்டிசம் கதை 1998இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு கட்டுரையிலிருந்து கிளம்பியது. 2010இல் அந்த இதழே அதைத் திரும்பப் பெற்றது. வாட்ஸப்பில் அந்தப் பாதி மட்டும் வராது.

சாயல்குடிக்காரன்:
கணக்கு சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முகாம் வளைத்துப் பிடிப்பது யாரை? பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை. மாவட்டம் முழுக்க 95 என்று தாளில் வரலாம். விடுபட்ட 5 பேரும் ஒரே விடிலிக் கூட்டத்தில் இருந்தால் அங்கே காப்பு சுழியம். நோய்க்கு மாவட்ட சராசரி தெரியாது.

மண்டபம் சிஸ்டர்:
இருபது வருடம் ஊசி போட்டவள் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன். ஒரு புட்டியில் பல பிள்ளைகளுக்கான மருந்து இருக்கும். கரைத்துவிட்டால் 4 மணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்டியாக வேண்டும். ஒரு பிள்ளைக்காகவும் திறக்கலாம், ஆனால் வீணானதற்குக் கணக்கு கேட்பார்களே என்று பயந்து “அடுத்த புதன் வாம்மா” என்று அனுப்புவோரும் உண்டு. நானும் அனுப்பியிருக்கிறேன். கடல்பாசி எடுக்கத் தீவுக்குப் போகும் தாய்க்கு அடுத்த புதன் என்பது இன்னொரு நாள் கூலி. அவள் திரும்ப வரமாட்டாள். அந்தப் பிள்ளையை முகாமில்தான் பிடித்தோம், அதுவும் சாயங்காலம் கரையிலேயே உட்கார்ந்து. பள்ளிக்கூடத்தில் இல்லை.

சாயல்குடிக்காரன்:
அப்படியானால் நீங்கள் என் கட்சி, சிஸ்டர்.

மண்டபம் சிஸ்டர்:
பாதிதான், தம்பி. முகாம் என்று ஒரு உத்தரவு வந்ததால்தான் எனக்கு வண்டியும் கூட ரெண்டு ஆளும் கிடைத்தன. சாதாரணப் புதன்கிழமைக்கு யார் தருவார்கள்?

பாம்பன் பொண்ணு:
ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் வீட்டில்தான் இருப்பார்கள். அப்போது வைத்தால் பிள்ளையைத் தூக்கி வர அப்பாவாவது இருப்பார்.

சாயல்குடிக்காரன்:
கடலுக்குச் சரி. பனைக்கு அப்போதுதான் பதநீர் பொங்கும், மரத்தை விட்டு ஒருவரும் இறங்க மாட்டார்கள். எங்களுக்கு விடிலி வாசலுக்கே வர வேண்டும்.

தேவிபட்டினம் தாத்தா:
பேத்திக்கு 17 மாதம். அட்டையில் ஒரு தவணைதான் இருக்கிறது. வருகிற புதன் போகலாமா, சிஸ்டர்?