வெஸ்டர்ன் படங்களின் நாயகன் சுதந்திரமானவனா, போக்கிடம் அற்றவனா?

கொழிஞ்சாம்பாறை வாசகன்:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் வாசகசாலையில் மாதம் ஒரு பழைய படம் திரையிடுகிறோம். ஊர் கேரளத்தில் இருந்தாலும் வருகிறவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். சிவகாசியிலிருந்து வரும் டெக்ஸ் வில்லர் கதைகளைப் படித்து வளர்ந்தவர்களும் அவர்களில் உண்டு என்பதால் குதிரையும் துப்பாக்கியும் எவருக்கும் புதிதல்ல. சென்ற இரு மாதங்களில் ஜார்ஜ் ஸ்டீவன்ஸின் 'ஷேன்' (1953), ஜான் ஃபோர்டின் 'தி சர்ச்சர்ஸ்' (1956) ஆகிய இரு வெஸ்டர்ன் படங்களை, அதாவது அமெரிக்க மேற்கின் குடியேற்றக் காலக் கதைகளை, பார்த்தோம். வீடு, வரி, முதலாளி என்ற எந்தக் கட்டும் இல்லாதவனின் சுதந்திரத்தைத்தான் இப்படங்கள் கொண்டாடுகின்றன என்று பலர் கூறினர். எனக்கு அது முழுமையாக ஒப்பவில்லை. துப்பாக்கிச் சண்டைக்காரனான ஷேன், நிலம் தேடிக் குடியேறிய விவசாயிகளுக்காகச் சண்டையிட்டுவிட்டுக் காயத்தோடு மலைப்பக்கம் போய்விடுகிறான். 'தி சர்ச்சர்ஸ்' நாயகன் ஈத்தனோ, பல ஆண்டுகள் தேடி மீட்ட பெண்ணை வீட்டில் சேர்த்த பிறகு, எல்லோரும் உள்ளே நுழைய, தான் மட்டும் வாசலில் நின்று திரும்பி நடக்கிறான், கதவு சாத்தப்படுகிறது. இது சுதந்திரம் என்றால் பார்க்கிற நமக்கு ஏன் தொண்டை அடைக்கிறது?

பாலக்காட்டுச் சித்தூர்க்காரன்:
நண்பரே, என் அப்பா பொள்ளாச்சிச் சந்தையில் வாங்கிய மாடுகளை வாணியங்குளம் சந்தைக்கு நடத்தியே ஓட்டிச் சென்றவர். அதனாலோ என்னவோ, 'ஷேன்' படத்தில் வில்லன் ரைக்கரின் பக்கம் என் மனம் சற்றுச் சாயும். வேலியில்லாத வெளியில் மந்தையை மேயவிட்டுப் பழகியவன் அவன். இந்த மண்ணுக்காக நாங்கள் பட்ட பாடு தெரியுமா என்று கேட்க அவனுக்கும் நீண்ட வசனம் ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். எதிரே நிற்கும் குடியேறிகளுக்குத் துணை 1862ஆம் ஆண்டின் நிலச் சட்டம்: ஐந்தாண்டுகள் குடியிருந்து பயிர் செய்தால் 160 ஏக்கர் சொந்தமாகும். (நம் கேரள நிலச் சீர்திருத்தத்தில் குடிகிடப்புக்காரருக்கு, அதாவது பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்தவருக்கு, பஞ்சாயத்துப் பகுதியில் கிடைத்தது 10 சென்ட். அந்தப் பத்து சென்டுக்கு வேலி கட்டிய நாளை எங்கள் தெருப் பெரியவர்கள் கல்யாண நாளைப் போல நினைவு வைத்திருந்தார்கள்.) ஒருவனுக்கு வேலி என்பது யாரும் எழுப்பிவிட முடியாத இடம், மற்றவனுக்கு அது மறிக்கப்பட்ட வழி. 1874இல் ஜோசப் கிளிடன் முள்கம்பிக்குக் காப்புரிமை பெற்ற பிறகு அந்த வெளி வேகமாக அடைபட்டது. ஆகவே இரண்டு சுதந்திரங்கள் ஒரே நிலத்துக்காக மோதுகின்றன என்றே நான் படத்தைப் புரிந்துகொள்கிறேன். கடைசிச் சண்டைக்கு முன் ஷேன் ரைக்கரிடம் அவனுடைய காலம் முடிந்துவிட்டது என்கிறான். உன் காலம் மட்டும் என்னவாம் என்று ரைக்கர் திருப்பிக் கேட்க, வேறுபாடு அதுதான், எனக்கு அது தெரியும் என்று ஷேன் பதில் சொல்கிறான். வேலியின் பக்கம் நின்று வென்றாலும், அவன் அறிந்த தொழில் வேலியில்லாத காலத்துக்கு உரியது. வென்ற அன்றே அவனுக்கு அங்கே வேலையில்லாமல் போகிறது.

குப்பம் தமிழாசிரியை:
ஈத்தனைப் பற்றிய விடை அந்தப் படத்தின் முற்பகுதியிலேயே இருக்கிறது. இறந்து கிடக்கும் ஒரு கொமாஞ்சிப் பழங்குடி மனிதனின் கண்களை அவன் சுடுகிறான். கண்ணில்லாதவன் ஆவியுலகில் நுழைய முடியாது, காற்றுகளுக்கு நடுவே என்றென்றும் அலைய வேண்டும் என்பது அவர்களின் நம்பிக்கை என்று விளக்கமும் சொல்கிறான். எதிரிக்கு அவன் இட்ட அந்தச் சாபம் இறுதிக் காட்சியில் அவன் தலையிலேயே விடிகிறது. அலைதலைப் படமே தண்டனையாகச் சொல்லிவிட்ட பிறகு அதைச் சுதந்திரம் என்று நாம் எப்படிக் கொண்டாடுவது?

இன்னொன்றையும் கேட்க வேண்டும்: அந்த வெளி யாருக்கு வெளி? படம் எடுக்கப்பட்ட நினைவுச்சின்னப் பள்ளத்தாக்கில் (மான்யுமென்ட் வேலி) கொமாஞ்சிகளாக நடித்தவர்கள் அந்த நிலத்துக்கே உரிய நவஹோ மக்கள். அமெரிக்கப் பழங்குடியினர் அனைவருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 1924இல்தான் வந்தது. ஃபோர்டே பின்னாளில் இதை நெருங்கினார். 'தி மேன் ஹூ ஷாட் லிபர்ட்டி வேலன்ஸ்' (1962) படத்தின் வகுப்பறையில், பாம்பி என்னும் கறுப்பினத் தொழிலாளி சுதந்திரப் பிரகடனத்தை ஒப்பிக்கும்போது, எல்லா மனிதரும் சமமாகவே படைக்கப்பட்டனர் என்ற இடத்தில் தடுமாறி, மறந்துவிட்டேன் என்கிறார். அந்த இடத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள் என்று ஆசிரியர் ஆறுதல் சொல்கிறார்.

வேலந்தாவளம்:
இருவரோடும் சிறிது மாறுபடுகிறேன். போகிறவர் எல்லாம் போக்கிடம் அற்றவர் அல்லர். 'ஹை நூன்' (1952) படத்தில் ஊர்க்காவல் அதிகாரியான மார்ஷல் கேன் பதவியை விட்டுவிட்டுப் புது மனைவியோடு ஊரைவிட்டுக் கிளம்பியவன். தானாகத் திரும்பி வருகிறான்; உதவி கேட்ட கதவுகளெல்லாம் மூடப்படுகின்றன; கடைசியில் நட்சத்திரச் சின்னத்தைப் புழுதியில் எறிந்துவிட்டுப் போகிறான். திரைக்கதை எழுதிய கார்ல் ஃபோர்மன் 1951இல், கம்யூனிஸ்டுகளைத் தேடிய அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் விசாரணைக்கு அழைக்கப்பட்டு, சகாக்களின் பெயரைச் சொல்ல மறுத்துத் தொழிலை இழந்தவர் என்பதை அறிந்து பார்த்தால் அந்த மூடிய கதவுகள் வேறாகத் தெரியும். ஆனால் அப்படத்தில் எனக்குப் பிடித்தவர் ஹெலன் ராமிரெஸ். மெக்சிகப் பெண்ணாக அவ்வூரில் பட்டது போதும் என்று தன் வணிகத்தை விற்றுப் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு ரயிலேறுகிறார். அவருக்காக எவரும் தொண்டை அடைக்க வேண்டியதில்லை.

கொழிஞ்சாம்பாறை வாசகன்:
மூவருக்கும் நன்றி. ஷேன், ரைக்கர் பேச்சை நாங்கள் தவறவிட்டதற்குக் காரணம் எளிது: அன்று பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தகரக் கூரையைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது. அடுத்த மாதம் 'லிபர்ட்டி வேலன்ஸ்' திரையிடத் தீர்மானித்துவிட்டோம். தமிழ் வசன வரிகளை நானே எழுதுகிறேன். பாம்பி மறக்கும் அந்த வரிக்குப் 'பிறப்பொக்கும்' என்று போடலாமா, அம்மா? வள்ளுவர் நடுவில் வந்து நின்றுவிடுவாரோ என்று தயக்கமாக இருக்கிறது.

குப்பம் தமிழாசிரியை:
தாராளமாகப் போடுங்கள். என் வகுப்பிலும் 'எல்லா உயிர்க்கும்' வரை சொல்லிவிட்டு நிற்கிற பிள்ளைகள் உண்டு.