மன்னவனூர் மேட்டுக்கு கியர் இல்லாத சின்னக் காற்றாலை சரிப்படுமா?

பூண்டுத்தோட்டம்:
வணக்கம். கொடைக்கானல் மேல்மலையில் ஒன்றரை ஏக்கரில் பூண்டும் கேரட்டும் போட்டிருக்கிறோம். மரம் விழுந்து கம்பி அறுந்தால் ரெண்டு நாளைக்குக் கரண்ட் இருக்காது. சோலார் இருக்கிறது, ஆனால் ஆடியில் முழுக்க மேகமும் மஞ்சும்தான், காற்று மட்டும் விடாமல் அடிக்கும். அதனால் பேட்டரியோடு 3 கிலோவாட் காற்றாலை ஒன்று வைக்க ஆசை. ஒருவர் காந்த ஜெனரேட்டர், கியரே கிடையாது என்கிறார், விலை கூடுதல். இன்னொருவர் பழைய த்ரீ பேஸ் மோட்டாரை கியர் வைத்து ஓட்டித் தருகிறேன், பாதி விலை என்கிறார். எதை வாங்கலாம்? உடுமலைப் பக்கம் நிற்கிற பெரிய காற்றாலைகளில் எது இருக்கிறது?

உடுமலைக் காற்று:
அண்ணா, மோட்டார் வேண்டாம், அது பழைய காற்றாலை ஜெனரேட்டர் வகைதான். நான் 11 வருஷமாகக் காற்றாலை ஏறுகிறேன். பழைய 225, 250 கிலோவாட் மிஷின்களில் இண்டக்‌ஷன் ஜெனரேட்டர்தான் இருக்கும், அது கிரிட்டிலிருந்து, அதாவது மின்வாரிய லைனிலிருந்து, ரியாக்டிவ் பவரை இழுத்துத்தான் தன் காந்தப்புலத்தையே உண்டாக்கும். கிரிட் இல்லாத இடத்தில் கெபாசிட்டர் போட்டு ஓட்டலாம், ஆனால் காற்று ஏறி இறங்க இறங்க வோல்டேஜும் ஆடும். அப்புறம் வந்தது டபுள் ஃபெட், அதாவது சுழலும் சுருளையும் கன்வெர்ட்டர் என்ற எலக்ட்ரானிக் கருவி வழியாக லைனோடு இணைத்த ஜெனரேட்டர். மொத்தப் பவரில் 30 சதவீதம் போலத்தான் கன்வெர்ட்டர் வழியாகப் போகும் என்பதால் செலவு குறைவு, அதனால்தான் எங்கும் பரவியது. ஆனால் பெரிய இறக்கை நிமிஷத்துக்கு 10, 15 சுற்றுதான் சுற்றும், ஜெனரேட்டருக்கோ 1500 பக்கம் வேண்டும், நடுவில் கிடந்து அடிவாங்குவது கியர்பாக்ஸ். அது போனால் கிரேன் வர வேண்டும், நல்ல காற்று சீசனில் மிஷின் சும்மா நிற்பதைப் பார்த்தால் வயிறு எரியும். காந்த ஜெனரேட்டரில் காந்தத் துருவங்கள் நிறைய, அதனால் மெதுவாகச் சுற்றினாலே போதும்.

திண்டுக்கல் வாத்தியார்:
தம்பி சொன்னது சரி. விலை கூடுதலுக்குக் காரணம் அந்தக் காந்தத்தில் இருக்கிற நியோடிமியம் என்ற உலோகம். சூடு தாங்குவதற்காக அதில் சேர்க்கிற டிஸ்ப்ரோசியம் என்ற இன்னொரு உலோகத்துக்கு 2025 ஏப்ரலில் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டது. காந்தமே இல்லாமல், சுருளுக்கு மின்சாரம் கொடுத்து ஓட்டுகிற கியர் இல்லாத பெரிய மிஷின்களும் ரொம்ப நாளாக இருக்கின்றன, எடைதான் அதிகம். எடையைக் குறைக்க மீகடத்திச் சுருள் (கடுங்குளிரில் தடையே இல்லாமல் மின்சாரம் கடத்துவது) வைத்த ஜெனரேட்டரை டென்மார்க்கில் 3.6 மெகாவாட் காற்றாலையில் ஏற்றி ஓட்டியே காட்டிவிட்டார்கள். ஆனால் அதைக் கடுங்குளிரில் வைத்திருக்கத் தனி இயந்திரம் வேண்டும், அது கடலில் நிற்கிற பெரிய மிஷினுக்குத்தான் கட்டுப்படியாகும்.

உங்களுக்கு முக்கியமானது வேறு. 2000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, 3 கிலோவாட் என்று எழுதியிருந்தாலும் அதே வேகத்தில் அவ்வளவு வராது. காற்றின் வேகம் பாதியானால் பவர் எட்டில் ஒரு பங்குதான். உயரத்தில்தான் காற்று வேகமாக இருக்கும், அதனால் ஜெனரேட்டருக்கு முன்னால் கம்பத்தின் உயரத்தைப் பாருங்கள்.

கோத்தகிரி:
டம்ப் லோடு, அதாவது மிஞ்சுகிற கரண்டைச் சூடாக்கித் தீர்க்கிற ஹீட்டர், கட்டாயம் கேளுங்கள். பேட்டரி நிறைந்ததும் லோடு இல்லாமல் போனால் இறக்கை தறிகெட்டுச் சுற்றும். எனக்கு ஒரு ராத்திரியில் இறக்கை, சுருள் ரெண்டுமே போச்சு.

பூண்டுத்தோட்டம்:
ரொம்ப நன்றி, மோட்டார் யோசனையை விட்டுவிட்டேன். வாத்தியார் ஐயா, மேட்டின் மேற்கே யூக்கலிப்டஸ் வரிசையாக நிற்கிறது, எப்படியும் 20 மீட்டர் இருக்கும். கம்பம் அதைவிட எவ்வளவு உயரம் வேண்டும்?

திண்டுக்கல் வாத்தியார்:
100 மீட்டர் தூரத்துக்குள் மரம் இருந்தால் அதன் உச்சியைவிட 10 மீட்டராவது மேலே இறக்கை சுற்ற வேண்டும். உங்களுக்கு 30 மீட்டருக்கு மேல் கம்பம் ஆகும், செலவு அதில்தான் போகும். மேட்டின் கிழக்கு ஓரத்தில் மரங்களை விட்டுத் தள்ளி இடம் இருக்கிறதா?