குழந்தை இருந்தால் வீட்டு மானியம்: நியாயம்தானா?

கேள்வி (கேட்டவரின் புனைபெயர்: வாடகைவீடு)
சில நாடுகளில் குழந்தையுள்ள குடும்பம் வீடு வாங்க அரசு மானியம் தருகிறது. பணம் எல்லோருடைய வரியிலிருந்தும் போகிறது. வாடகை வீட்டில் மூன்று பிள்ளை வளர்ப்பவருக்கு அதில் ஒரு காசும் கிடையாது. விதிகளைத் திருத்தினால் போதுமா, இல்லை அடிப்படையே தவறா?

பதில் (வரவுசெலவு)
பிள்ளை வளர்ப்பவருக்கு ஊரே கைகொடுப்பது நியாயம்தான். கோளாறு, அதை வீட்டுப் பத்திரத்தோடு முடிச்சுப் போடுவதில். ஜெர்மனி 2018-இல் கொண்டுவந்த 'பௌகிண்டர்கெல்ட்' என்ற வீட்டு மானியம் நல்ல உதாரணம். புதிதாக வாங்குவோருக்கு அது 2021-இல் நின்றுவிட்டது. குழந்தைக்கு ஆண்டுக்கு 1,200 யூரோ, 10 ஆண்டுக்கு. ஒரு குழந்தை என்றால் வரிக்குரிய குடும்ப வருமானம் ஆண்டுக்கு 90,000 யூரோ வரை இருக்கலாம் என்பது வரம்பாக இருந்தது. அடுத்த ஒவ்வொரு குழந்தைக்கும் 15,000 கூடியது. ஆனால் வீட்டில் குடியேறிய பிறகுதான் விண்ணப்பிக்கவே முடிந்தது. அங்கே சொத்து மாற்று வரி மட்டும் மாநிலத்தைப் பொறுத்து விலையில் 3.5 முதல் 6.5 சதவீதம். நோட்டரி, தரகுச் செலவு தனி. இதையெல்லாம் முதலில் கையிலிருந்து கட்ட வேண்டும். முன்பணம் இல்லாதவருக்குப் பின்னால் வரும் தவணை எதற்கு? எப்படியும் வாங்கியிருக்கக்கூடியவர்தான் பெரும்பாலும் பயனடைவார்.

வருமானம் வரம்புக்கு ஒரு யூரோ மேலே போனாலும் முழுத்தொகையும் போய்விட்டது என்பது இன்னொரு குறை. வரம்பைத் தாண்டும் ஒவ்வொரு 100 யூரோவுக்கும் 30 குறைத்திருந்தால், ஒரு குழந்தைக்கான 10 ஆண்டு மானியம் 12,000 யூரோ, 40,000 யூரோ வருமான இடைவெளியில் மெல்ல மெல்லக் கரைந்திருக்கும்.

செங்கல்சூளை
விலையை மறந்துவிட்டீர்கள். இங்கிலாந்தில் 2013-இல் வந்த 'ஹெல்ப் டு பை' (புது வீடு வாங்க அரசு கடன் தந்த திட்டம்) குழந்தைகளுக்கான திட்டம் அல்ல, ஆனாலும் அதிலிருந்து பாடம் கற்கலாம். இடமும் அனுமதியும் இறுகிய லண்டனில் புது வீடுகளின் விலை ஏறியது. கட்டுமானம் குறிப்பிடும்படி கூடவில்லை. வேல்ஸ் எல்லையோரம், கட்ட இடமிருந்த பகுதியில், வீடுகள் பெருகின, விலை நகரவில்லை. ஆக, நெருக்கடியான நகரத்தில் மானியம் வாங்குபவர் பெயரில் வந்து விற்பவர் பைக்குப் போகிறது. அங்கே மானியம் இல்லாத குடும்பமும் கூடுதல் விலை கொடுக்கிறது. இதைவிடப் பெரிய அநியாயம் என்ன?

மூன்றாம்படி
ஹங்கேரியையும் பாருங்கள். 2016-இல் அங்கே புது வீட்டுக்கு அரசு மானியம் ஒரு குழந்தைக்கு 6 லட்சம் ஃபோரிண்ட் (அந்நாட்டு நாணயம்), இரண்டுக்கு 26 லட்சம், மூன்றுக்கு 1 கோடி. இனிமேல் பிள்ளை பெற்றுக்கொள்வோம் என்று உறுதி கொடுத்தும் மானியம் வாங்க முடிந்தது. கெடுவுக்குள் பிறக்காவிட்டால் தண்டவட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டியிருந்தது. வீடு தேவைப்படுவது பிறந்த குழந்தைக்கு. பிறக்காத குழந்தையை அடமானம் வைக்கும் விதியை எடுத்துவிடுங்கள்.

வாடகைவீடு
அப்படியானால் அதே தொகையை வீடு எதுவானாலும் குழந்தையின் பெயரில் மாதாமாதம் கொடுத்தால்?

செங்கல்சூளை
நியாயம் கூடும். ஆனால் வீடு பற்றாக்குறை உள்ள ஊரில் ஒரு பங்கை வாடகை விழுங்கிவிடும். அங்கே மட்டும் பணத்தைக் குறைந்த வாடகைக் குடியிருப்பு கட்டத் திருப்புங்கள், அதிலும் மூன்று படுக்கையறை வீடுகளாக.