அம்மாபேட்டை வீடு குழு: ரிசப்ஷனுக்கு ரோபோ

செந்தில், மாலை 6:10
கேட்டரிங்காரர் ரிசப்ஷன் பந்திக்கு ரெண்டு ரோபோ அனுப்பட்டுமான்னு கேக்கறாரு. காலைல 10 மணிக்குள்ள சொல்லணுமாம். பிரகாஷ் மாப்ள, உனக்குத்தான் இது தொழில். பாத்து சொல்லு. முருகா நீயும்.

திவ்யா, 6:11
ரோபோவா!!! சித்தப்பா சரின்னு சொல்லிடுங்க 🙏🙏

பழனிசாமி, 6:12
எதுக்கு

பழனிசாமி, 6:12
பந்தில மனுசன் நிக்கணும்

மல்லிகா, 6:14
செவ்வாய்பேட்டைக்குப் பத்திரிகை யாரு குடுத்தீங்க? இன்னும் வரலைங்கறாங்க

பிரகாஷ், 6:21
மாமா, அது பரிமாறாது, சுமக்கும். அவ்வளவுதான். நாலு தட்டு வச்ச வண்டி. கரண்டில அள்ளி இலைல வைக்கற கை அதுக்குக் கிடையாது. சமையல்கட்டுல ஒரு ஆள் ஏத்தணும், பந்தில ஒரு ஆள் இறக்கணும். ரோபோ வருதேன்னு பரிமாறுற ஆளுங்களக் குறைக்கறேன்னு சொன்னார்னா ஒத்துக்காதீங்க.

செந்தில், 6:22
அப்படித்தான் சொன்னாரு. 20 பேர்ல 4 பேரக் குறைச்சுக்கலாம்னு

முருகேசன், 6:23
கூடவே கூடாதுண்ணா. 150 இலைப் பந்தி. சோறு விழுந்த கையோட சாம்பார் விழணும். அந்த 4 பேர்தான் ரசம், மோர், ரெண்டாவது சோறு.

பிரகாஷ், 6:25
எந்த ரோபோ? பூனை மூஞ்சியா?

செந்தில், 6:25
ஆமா. படத்துல பூனைதான்

பிரகாஷ், 6:33
அப்ப பெல்லாபாட். ஷென்ஜென்ல இருக்கற புடு கம்பெனியோடது. தட்டுக்கு 10 கிலோ, நாலு தட்டுக்கு 40. 8 லிட்டர் சாம்பார் வாளிய ரொப்பினா பாத்திரத்தோட 10 கிலோ வந்துரும். அதனால 5 லிட்டர் மட்டும் ஊத்தி, மூடி போட்டு, அடித்தட்டுல வைக்கணும். வேகத்தக் குறைச்சு வச்சுக்கலாம். ஆனா ரசம் வேண்டவே வேண்டாம். குழந்தை குறுக்க ஓடினா சட்டுனு நிக்கும். அது நிக்கும், ரசம் நிக்காது. கொதிக்கக் கொதிக்க அலம்பி வெளிய வரும்.

ராஜேஸ்வரி, 6:34
ஐயோ சாமி வேண்டாம். எத்தன குழந்தைங்க வருதுங்க

திவ்யா, 6:35
மாமா, ஓட்டல்ல எல்லாம் நல்லாத்தான ஓடுது?

பிரகாஷ், 6:41
ஓட்டல்ல மேஜை இருந்த இடத்துலயே இருக்கும்மா. மண்டபத்துல ஒரு பந்தி எந்திரிச்சாப் போதும், நாற்காலி அத்தனையும் இடம் மாறிரும். ஓட்டல்லயே எல்லா வேலையும் அதுக்குச் சரிப்படல. ஜப்பான்ல நாகசாகி பக்கம் 2015ல ஹென்-னா ஓட்டல்னு ரோபோக்களையே வேலைக்கு வச்சுத் தொறந்தாங்க. 2019ல 243 ரோபோல பாதிக்கு மேல எடுத்துட்டாங்க. ரூமுக்குள்ள இருந்த பொம்மை ரோபோ, குறட்டைச் சத்தத்தப் பேச்சுன்னு நெனச்சு, தூங்கறவங்கள எழுப்பி ‘என்ன சொன்னீங்க’ன்னு கேட்டிருக்கு.

முருகேசன், 6:42
பெரியண்ணன் ரூமுக்கு அத அனுப்பிராதீங்க 😀

பழனிசாமி, 6:43
ஜங்ஷனுக்கு யாரு வர்றது என்னைக் கூப்பிட

மல்லிகா, 6:44
தம்பி, செவ்வாய்பேட்டை?

செந்தில், 6:45
அக்கா நாளைக்கு நானே நேர்ல போறேன்.

பிரகாஷ், 6:47
சின்ன மாமா, மண்டபத்துப் பக்கம் இருந்தீங்கன்னா ரெண்டு அளவு வேணும். சமையல்கட்டு வாசப்படி எத்தன இஞ்ச்? ரெண்டு வரிசைக்கு நடுவுல எத்தன அடி?

முருகேசன், 7:20
படி 6 இஞ்ச். நடுவழி 3 அடி. சுவரோரம் 5 அடி தாராளமா இருக்கு. கை கழுவற இடம் அந்தச் சுவர் முடியற மூலைல.

பிரகாஷ், 7:34
படிக்கு 6 அடி நீளத்துல சாய்வுப் பலகை போடணும். இஞ்சுக்கு ஒரு அடின்னு கணக்கு. அப்பத்தான் சாய்வு 5 டிகிரிக்குள்ள நிக்கும். 3 அடிப் பலகை கெடக்குதேன்னு போட்டுட்டா 10 டிகிரிக்குப் பக்கம் வந்துரும், சுமையோட ஏறாது.
3 அடி வழில அது நுழையும், 70 செ.மீ. இருந்தாப் போதும் அதுக்கு. ஆனா சாப்பிட்டவர் நாற்காலியப் பின்னால தள்ளினா அங்கயே நின்னுரும். பின்னால வாளியோட வர்ற ஆளும் நிக்கணும். அதனால வரிசைக்குள்ள விடவே வேண்டாம். சுவரோரமா வந்து பந்தித் தலைமாட்டுல நிக்கட்டும்.
அப்புறம் மேப்பிங். பந்தல்காரர் மேஜை, தூண், துணி எல்லாம் போட்டு முடிச்ச பின்னாடிதான் அத ஓட்டி வழி பதிய வைக்கணும். முந்தின நாள் காலி ஹால்ல பதிஞ்சா, மறுநாள் தான் எங்க நிக்கறோம்னே அதுக்குத் தெரியாது. கண்ணாடிச் சுவர் இருக்கா? அது வழி பாக்கற லேசர் கண்ணாடிய ஊடுருவிப் போயிரும், அந்தப் பக்கம் வழி இருக்குன்னு நெனச்சுக்கும். அது பாக்கற உயரத்துக்கு சார்ட் பேப்பர் ஒட்டிட்டாச் சரியாயிரும்.

ராஜேஸ்வரி, 7:36
மல்லிகா அண்ணி, கொலுசு வாங்கியாச்சா

மல்லிகா, 7:36
ம். நாளைக்கு

பிரகாஷ், 7:43
மறந்துட்டேன். மண்டப வைஃபைய நம்பக் கூடாது, 500 பேர் போன் அதுல தொங்கும். தனி ரவுட்டர், தனி சிம். ரவுட்டருக்குச் சின்ன யுபிஎஸ். கரண்ட் போய் ஜெனரேட்டர் வர்ற நேரத்துல ரோபோவுக்கு பேட்டரி இருக்கும், ரவுட்டர் அணைஞ்சிரும். சிவப்புக் கம்பளத்தோட ஓரத்த டேப் போட்டு ஒட்டணும். கை கழுவற மூலைல ஈரம், சக்கரம் வழுக்கும், அதுக்கு முன்னாடியே திருப்பிரணும். மல்லிகைச் சரத்து நார் சக்கர அச்சுல சுத்திக்கும். ஒரு பந்திக்கு ஒரு தடவ அதப் பாக்கணும். படுக்க வச்சுப் பாக்காதீங்க, குனிஞ்சு டார்ச் அடிச்சா தெரியும்.

செந்தில், 7:45
மாப்ள இவ்வளவு பாடு எதுக்கு? வேண்டாம்னு சொல்லிரட்டுமா

திவ்யா, 7:45
சித்தப்பாஆஆ

பிரகாஷ், 7:50
வாசல்ல வைங்க மாமா. ஜூஸ், தண்ணி பாட்டில். அரை லிட்டர் பாட்டில் தட்டுக்கு 18, மூணு தட்டுக்கு 54. நேர் வழி, தரை சமம், சுடறது எதுவும் இல்ல. குழந்தைங்களும் பாத்து சந்தோசப்படும். அத நிறுத்தற சிவப்பு பட்டன் எங்கன்னு தெரிஞ்ச ஆள் ஒருத்தர் கூடவே நிக்கணும். ரோபோ ஒண்ணு போதும், ரெண்டு வேண்டாம்.

பழனிசாமி, 7:52
கடைசி வரிசைக்குப் பாயசம் வந்தாச் சரி

முருகேசன், 7:53
அண்ணா அது 2011. இன்னுமா?

பழனிசாமி, 7:53
என் சம்பந்தி அந்த வரிசைலதான் உக்காந்திருந்தாரு

ராஜேஸ்வரி, 7:54
இப்ப எதுக்கு மாமா அது

முருகேசன், 7:55
இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

பிரகாஷ், 8:01
பெரிய மாமா, அதுக்கு ஒரு வழி இருக்கு. ஜவ்வரிசிப் பாயசத்த 100 மில்லி கப்புல ஊத்தி மூடி போட்டு, தட்டுக்கு 40 கப். சுவரோரமாவே கடைசி வரிசை முனைக்கு வந்து நிக்கும். ஆறினதுக்கு அப்புறம்தான் மூடணும், இல்லைன்னா ஆவி கட்டி மூடி தெறிக்கும். ஆள் அங்கிருந்து எடுத்து, கடைசி வரிசைல ஆரம்பிச்சு முன்னால வரட்டும்.

பழனிசாமி, 8:04
கப்புல வேண்டாம். இலைல ஊத்தணும்

முருகேசன், 8:05
வாளி வாளியா கடைசி வரிசைக்கு அனுப்பறேன்ணா. இலைலயே ஊத்தச் சொல்றேன். நானே நிக்கறேன் அங்க.

பழனிசாமி, 8:09
👍

திவ்யா, 8:10
அப்ப ரோபோ உண்டா இல்லையா?

செந்தில், 8:12
வாசலுக்கு ஒண்ணு. ஆள் 20ஐக் குறைக்கக் கூடாதுன்னு கேட்டுப் பாக்கறேன். ஒத்துக்கிட்டாத்தான்.

மல்லிகா, 8:13
தட்டுவடை செட் ஸ்டால் சொல்லியாச்சா

செந்தில், 8:13
ஐயோ

திவ்யா, 8:14
மறுநாள் ஏற்காட்டுக்கு எத்தன வேன்? 20 கொண்டை ஊசி, எனக்கு முன் சீட்டு

பிரகாஷ், 8:16
மாமா அந்த 6 அடிப் பலகை? ரோபோ வாசலோட சரின்னாலும் டெம்போல இருந்து இறக்க வேணும். 50 கிலோவுக்கு மேல, ரெண்டு பேர் நிமித்தின வாக்குல புடிக்கணும்.

முருகேசன், 8:30
பந்தல்காரர்கிட்ட கேக்கறேன்

பழனிசாமி, 8:31
ஜங்ஷனுக்கு யாரு