ஜெயலலிதாவின் அரசியல் வெற்றி: எம்.ஜி.ஆரின் நிழலா, சொந்த உழைப்பா?

கேள்வி:
1965-இல் ‘வெண்ணிற ஆடை’யில் தமிழ்க் கதாநாயகியாக அறிமுகமான ஜெயலலிதா, அதே ஆண்டில் ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்தில் எம்.ஜி.ஆருடன் ஜோடி சேர்ந்து, அவருடன் மட்டும் 28 படங்களில் நடித்தார். 1982-இல் அ.தி.மு.க.வில் சேர்ந்தவர் ஒன்பதே ஆண்டுகளில் முதலமைச்சரானார். அத்தனையும் எம்.ஜி.ஆரின் நிழலில் கிடைத்தவை என்கிறார்கள் எங்கள் வீட்டுப் பெரியவர்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
அரசியலுக்கு அவரை அழைத்து வந்தவர் எம்.ஜி.ஆர். என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. கடலூர் மாநாட்டில் ‘பெண்ணின் பெருமை’ என்று பேச மேடை தந்தவரும், 1983-இல் கொள்கை பரப்புச் செயலாளர் ஆக்கியவரும், மறு ஆண்டே மாநிலங்களவைக்கு அனுப்பியவரும் அவர்தான். ஆனால் 1987 டிசம்பரில் அவர் மறைந்தபோது, ராஜாஜி மண்டபத்தில் தலைமாட்டில் மணிக்கணக்கில் நின்றிருந்த ஜெயலலிதாவை, இறுதி ஊர்வலத்தன்று பீரங்கி வண்டியிலிருந்து கீழே தள்ளினார்கள். அந்த நிழல் அன்றே விலகிவிட்டது ஐயா.

மறுமொழி 2:
மேலே சொன்னதோடு 1989 தேர்தலையும் சேர்த்துப் பாருங்கள். கட்சி பிளந்து இரட்டை இலை முடங்கியதால், ஜானகி அணிக்கு இரட்டைப் புறாவும் இவருக்குச் சேவலும் கிடைத்தன. எங்கள் தெருச் சுவரில் பழைய இலையின் மேல் சுண்ணாம்பு அடித்து, அது காயும் முன்பே சிவப்புக் கொண்டையோடு சேவலை வரைந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. எம்.ஜி.ஆரின் மனைவியே எதிரணிக்குத் தலைமை தாங்கிய அந்தத் தேர்தலில், அவருடைய அணிக்கு 2 இடங்களே கிடைத்தன. ஆண்டிப்பட்டியில் அவரும் தோற்றார். ஜெயலலிதாவோ போடிநாயக்கனூரில் வென்று, 27 இடங்களோடு எதிர்க்கட்சித் தலைவரானார். பிறகுதான் கட்சி ஒன்றானது, இலையும் திரும்பியது.

மறுமொழி 3:
1991 வெற்றியில் ராஜீவ் காந்தி படுகொலையால் எழுந்த அனுதாபத்துக்கும் காங்கிரஸ் கூட்டணிக்கும் பெரும் பங்கு உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. 1996-இல் பர்கூரில் அவரே தோற்றார். சொத்துக் குவிப்பு வழக்கில் 2014-இல் பதவியிழந்து, மேல்முறையீட்டில் விடுதலையாகி மீண்டு வந்தவர், 2016-இல் 234 தொகுதிகளிலும் இரட்டை இலையையே நிறுத்தி ஆட்சியைத் தக்கவைத்ததையே நான் பெரிதாகக் கருதுகிறேன். 1984-க்குப் பின் ஆளுங்கட்சி எதற்கும் அது வாய்க்கவில்லை.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் மிக்க நன்றி. சேவல் சின்னம் என்றதும் எங்கள் பாட்டி, தானும் அதற்குத்தான் வாக்களித்ததாகச் சொன்னார்.