மூணாவது கட்சிக்கு வேல பாத்தவங்க, ஓட்டுப் போட்டவங்க யாராச்சும் இருந்தா நடந்தத எழுதுங்க

கோட்டையூர்க்காரன்:

போன வாரம் கானாடுகாத்தான்ல ஒரு சாந்திக் கல்யாணம், அதான் அறுவதாங் கல்யாணம். பந்தில எனக்கு எடது பக்கம் உக்காந்தவர் ரெண்டே கட்சி மாத்தி மாத்தி ஆண்டா எப்படி உருப்படும், மூணாவதா ஒன்னு வந்தாத்தான் இவுகளுக்குப் பயம் வரும்னாரு, வலது பக்கத்துல இருந்தவர் மூணாவது ஆளு ஓட்டப் பிரிக்கத்தான் லாயக்குன்னாரு, நடுவுல நான் இலைல கவுனியரிசி ஆறிப்போறதப் பாத்துக்கிட்டு இருந்தேன். ரெண்டு பேரும் டிவில கேட்டதத்தான் பேசுறாக. நான் மூணாவது கட்சிக்கு ஒரு நாள் முழுக்க பூத்ல உக்காந்தவன், ஆனா பந்தில வாயத் தொறக்கல. இங்க எழுதுறேன்.

2006 சட்டமன்றத் தேர்தல். விஜயகாந்த் 2005 செப்டம்பர்ல மதுரைல தேமுதிகன்னு கட்சி ஆரம்பிச்சு அடுத்த வருசமே 232 தொகுதில தனியா ஆள் நிறுத்திட்டாரு. எனக்கு அப்ப 24 வயசு, ரசிகர் மன்றத்துல இருந்த கூட்டாளி இழுத்துட்டுப் போயி பூத் ஏஜென்ட் ஆக்கிட்டான். ஸ்கூல் பெஞ்சுல மூணு பேரு வரிசையா. ரெண்டு பெரிய கூட்டணிக்கும் யாரு ஏஜென்ட்டுன்னா ஒருத்தர் எனக்கு மாமா முறை, இன்னொருத்தர் சித்தப்பா முறை, அவுக ரெண்டு பேரும் சம்பந்திக வேற. அவுக கையில வாக்காளர் பட்டியல், ஒவ்வொரு பேருக்கு நேராவும் பென்சில் குறி, செத்தவுக யாரு, சிங்கப்பூர்ல இருக்கவுக யாரு, கோவிச்சுக்கிட்டு இருக்கவுக யாருன்னு. எங்கிட்ட ஒரு பழைய ஜெராக்ஸ், அதுல நடுவுல ரெண்டு பக்கம் காணோம். தேர்தல் கமிஷன்கிட்ட அங்கீகாரம் வாங்குன கட்சிக்குத்தான் பட்டியல் ஓசில குடுப்பாங்கன்னு எனக்கு பின்னாடிதான் தெரியும்.

மத்தியானம் சோறு வரல. எங்க கட்சி ஆளு யாரும் எட்டிப் பாக்கல. மாமா டிபன் கேரியர் மூடில புளிச்சோறு வச்சுத் தள்ளுனாக, சித்தப்பா அவிச்ச முட்டைய ரெண்டாப் பிச்சு பாதிய எம்பக்கம் வச்சாக. கடைசில 17சி ஃபாரம், அதான் பூத்ல எத்தன ஓட்டு விழுந்துச்சுங்கற கணக்கு, அதோட நகல வாங்கிக்கிட்டு எங்க கையெழுத்துப் போடணும்னு கூட சித்தப்பாதான் வெரல வச்சுக் காட்டுனாக. எதிர்க்கட்சி சோத்தத் தின்னுபுட்டு எதிர்க்கட்சிக்காரர் சொல்லிக் குடுத்து வேல பாத்த ஏஜென்ட் நானாத்தான் இருப்பேன்.

எங்க பங்காளி வீடுகள்ல மட்டும் அறுவது ஓட்டு உறுதின்னு கணக்குப் போட்டு வச்சிருந்தேன். எண்ணிப் பாத்தா பூத்ல மொத்தமே 41. ரெண்டு மாசம் கழிச்சு அப்பத்தாவுக்குக் கால் அமுக்கி விட்டுக்கிட்டே கேட்டேன், நீங்க எதுக்குப் போட்டீகன்னு. கொஞ்சங்கூட யோசிக்கல. "ஒன் ஆளு எப்படியும் செயிக்க மாட்டாருல்ல அப்பு, அப்பறம் என்னத்துக்கு ஓட்டக் கெடுக்கணும்"னு சொல்லிட்டு இன்னொரு கால நீட்டுனாக. தமிழ்நாடு பூரா 8 சதவீதத்துக்கு மேல வாங்கியும் ஜெயிச்சது விருத்தாசலம் ஒன்னுதான். எல்லா வீட்டுலயும் ஒரு அப்பத்தா இருந்திருக்காக.

ஆனா கத அதோட முடியல. அதே வருசம் அக்டோபர்ல உள்ளாட்சித் தேர்தல். வார்டு எலக்‌ஷன்ல 41 ஓட்டுங்கறது தங்கம். மாமாவும் வந்தாக, சித்தப்பாவும் வந்தாக, தனித்தனியா, ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர். என்னடா வேணும்னு கேட்டாக. எங்க தெருவுல சாக்கட கட்டாம பத்து வருசமா கெடந்துச்சு, அதக் கேட்டோம். ஜெயிச்சவரு கட்டிட்டாரு. இத வச்சு மூணாவது கட்சி நல்லதா கெட்டதான்னு என்னால சொல்ல முடியல, அதான் கேக்குறேன்.

ஆத்தங்குடி மருமக:

அண்ணே, எங்க ஐயா கதைய எழுதுறேன், கொஞ்சம் நீளம். ஐயா பழைய காங்கிரஸ், கதர் தவிர வேற உடுத்த மாட்டாக. 1996ல டெல்லில நரசிம்மராவ் அதிமுகவோட கூட்டுன்னு முடிவு பண்ணவும் மூப்பனார் பிரிஞ்சு தமாகா, அதான் தமிழ் மாநில காங்கிரஸ், ஆரம்பிச்சாருல்ல, அன்னைக்கே ஐயாவும் பிரிஞ்சுட்டாக. சைக்கிள் சின்னம். எங்க வீட்டு முகப்புல ஒரு பழைய சைக்கிள் கெடந்துச்சு, அத கழுவி பெயின்ட் அடிச்சு தெருவுல நிறுத்தி வச்சதுதான் எங்க ஊரு பிரச்சாரம். அந்தத் தடவ திமுகவோட சேந்து 39 எம்எல்ஏ, 20 எம்பி. சிவகங்கைல ப.சிதம்பரம் ஜெயிச்சாரு. நான் அப்ப ஏழாங்கிளாஸ், ஐயா எல்லா வீட்டுக்கும் கல்கண்டு குடுத்து விட்டாக.

1999ல திமுக பிஜேபி பக்கம் போயிருச்சு, அங்கிட்டு அதிமுக காங்கிரஸ். மூப்பனார் ரெண்டு பக்கமும் வேணாம்னு தனி அணியா நின்னாரு. உண்மையான மூணாவதுன்னா அதுதான். மத்தியில நிதி மந்திரியா இருந்தவரு, நம்ம கண்டனூர்க்காரரு, சிவகங்கைல மூணாவதா வந்தாரு. தமாகாவுக்கு ஒரு சீட்டு கூட இல்ல. ஐயா அதுக்கு அழுகல, "தோத்தாலும் நேர்ல நின்னு தோத்தோம்"னாக.

2001ல அதே கட்சி அதிமுகவோட சேந்துச்சு. எத எதுத்து ஆரம்பிச்சாகளோ அதோடயே. 23 எம்எல்ஏ கெடச்சுச்சு. அன்னைக்குத்தான் ஐயா சைக்கிளத் தள்ளிக்கிட்டுப் போயி ரெண்டாங்கட்டுல சாத்துனாக. சீட்டே இல்லாதப்ப திண்ணைல உக்காந்து பேசுன மனுசன், 23 சீட்டு வந்ததுக்கப்பறம் பேச்ச நிறுத்திட்டாக. மறு வருசம் கட்சி காங்கிரஸ்லயே கலந்துருச்சு, அந்தச் சேதிய நாங்க சொன்னப்ப "சரி"ன்னு ஒரு வார்த்த.

கல்லுக்கட்டி டீக்கட:

2009 சிவகங்கை எம்பி எலக்‌ஷன்ல வித்தியாசம் 3,354 ஓட்டு. தேமுதிக வாங்குனது அதுக்கு எத்தனையோ மடங்கு. 2021 காரைக்குடில மூணாவதா வந்த தினகரனோட அமமுக வாங்குன ஓட்டு, மொத ரெண்டு பேருக்கும் நடுவுல இருந்த வித்தியாசத்தவிட அதிகம். பிரிக்கத்தான் லாயக்குன்னு சொன்ன அந்த வலது பக்கத்து ஆளு எங்க கடைக்கு வந்தா டீ ஃப்ரீ.

கோட்டையூர்க்காரன்:

டீக்கட அண்ணே, பிரிச்ச ஓட்டு எல்லாம் இன்னொருத்தருக்குப் போயிருக்கும்னு யாரு சொன்னது. என் 41ல பாதிப்பேரு எங்க ஆளு நிக்காட்டி பூத்துக்கே வந்திருக்க மாட்டாக.

புதுவயல் மில்லு:

நான் அரசியல் பேசுறதில்ல ஏன்னா மில்லு நடத்துறவன் பேசக்கூடாது ஆனா அனுபவம்னு கேட்டதால சொல்றேன் முன்னெல்லாம் தேர்தல் வந்தா ரெண்டு ரசீது புக்குதான் வரும் இவுகளுக்கு இவ்வளவு அவுகளுக்கு அவ்வளவுன்னு எழுதி வச்சிட்டா வேல முடிஞ்சுது இப்ப அஞ்சு ஆறு ரசீது வருது அதுல சின்ன கட்சிக்காரன்தான் ரொம்ப நேரம் உக்காந்து கொள்க பேசுவான் பெரிய கட்சிக்காரன் தொகையச் சொல்லிட்டு டீ குடிச்சிட்டுப் போயிருவான். சரி அத விடுங்க. எங்க ஊருப் பக்கம் ஒரு ஊரணி, ஊரு பேரு வேணாம், கரைய ஓரமா கொஞ்சங் கொஞ்சமா மூடி செட்டு போட்டுட்டாங்க, செட்டு போட்டதுல ஆளுங்கட்சிக்காரரும் இருக்காரு எதிர்க்கட்சிக்காரரும் இருக்காரு, அதனால இவரு அவரப் பத்தி மேடைல பேச மாட்டாரு அவரு இவரப் பத்திப் பேச மாட்டாரு, ரெண்டு கட்சி இருந்தா ஒன்ன ஒன்னு காட்டிக் குடுக்கும்னு படிச்சிருக்கேன் இங்க ஒன்னுக்கொன்னு போர்வை. அப்பத்தான் ஒரு சின்னப்பய, கருப்பு டீசர்ட் போட்டுக்கிட்டு, கட்சி சொல்லணுமா, தகவல் உரிமைல எழுதிப் போட்டு ஊரணி எத்தன ஏக்கர்னு கேட்டு வாங்கி கிராம சபைல நின்னு வாசிச்சான். கூட்டத்துல பேச்சு மூச்சு இல்ல. தலைவரு மைக்க வாங்கி சர்வேயர வரச் சொல்றோம்னு சொல்ல வேண்டியதாப் போச்சு. அந்தப் பய ஜெயிக்கல, ஜெயிக்கவும் மாட்டான், ஆனா அன்னைக்கு ரெண்டு பேரு மூஞ்சியும் நான் பாத்தேன்.

தேவகோட்டை டு நியூஜெர்சி:

நான் 1999ல இங்க வந்தேன். 2000ல புஷ், கோர் தேர்தல், மூணாவதா ரால்ஃப் நேடர்னு ஒருத்தர் பசுமைக் கட்சில. எங்க ஆபீஸ்ல ஒரு வெள்ளக்காரர், நேடர்னா உசுரு. அவரு சொன்ன கணக்குதான் எனக்கு மொத பாடம். நியூஜெர்சில கோர் எப்படியும் ஜெயிச்சிருவாரு, அதனால நான் தைரியமா நேடருக்குப் போடுறேன், ஃப்ளோரிடா மாதிரி இழுபறியான எடத்துல இருக்க நேடர் ஆளு எனக்குப் பதிலா கோருக்குப் போடட்டும்னு. இப்படி ஓட்டு மாத்திக்கிறதுக்குன்னே அப்ப வெப்சைட் எல்லாம் இருந்துச்சு, சத்தியமா. கடைசில என்னாச்சு, ஃப்ளோரிடால புஷ் ஜெயிச்சது 537 ஓட்டுல, அங்க நேடர் வாங்குனது 97,488. முடிவு தெரிஞ்சப்பறம் ஆபீஸ்ல அந்த மனுசன்கிட்ட யாரும் மொகங்குடுத்துப் பேசல, அவரு நியூஜெர்சில போட்ட ஓட்டுக்கும் ஃப்ளோரிடாவுக்கும் சம்பந்தமே இல்ல, ஆனாலும். அதுக்கும் முன்ன 1992ல ராஸ் பெரோன்னு ஒரு பணக்காரர் கிட்டத்தட்ட 19 சதவீதம் வாங்கியும் ஒரு மாநிலம் கூட ஜெயிக்கல.

துவர்ஜேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் 1950கள்லயே எழுதி வச்சிட்டாரு, ஒரு தொகுதிக்கு ஒருத்தர், யாருக்கு அதிகமோ அவரு ஜெயிச்சாருன்னு எண்ணுனா நாளடைவுல ரெண்டு கட்சிதான் நிக்கும்னு. கோட்டையூர் அண்ணனோட அப்பத்தா அத ஒரே வரில சொல்லிட்டாக. இங்க மெய்ன் மாநிலத்துல இப்ப 1, 2, 3ன்னு வரிச போட்டு ஓட்டுப் போடலாம், கடைசில வந்தவரத் தூக்கிட்டு அவரு ஓட்டுல அடுத்த நம்பர் யாருக்கோ அவுகளுக்குச் சேப்பாங்க. அந்த மொற அப்பத்தாவுக்குக் கெடச்சிருந்தா மொத நம்பர் பேரனுக்குத்தான்.

கடல் தாண்டுன செட்டு:

கொழும்புல எங்க பெரியப்பா வீடு, செட்டியார் தெரு. அங்க ஜனாதிபதி எலக்‌ஷன்ல மூணு பேரு வரைக்கும் வரிச போடலாம், 1980கள்லயிருந்தே இருக்கு. பெரியப்பா ஒரு தடவ கூட ரெண்டாவது நம்பர் போட்டதில்ல, "ஒரு ஓட்டுத்தான ராசா ஒருத்தருக்கு"ம்பாரு. அங்க 2019ல 3 சதவீதம் வாங்குன அநுர குமார திசாநாயக்க 2024ல ஜனாதிபதி. யாருக்கும் 50 சதவீதம் வராம ரெண்டாவது விருப்பத்த எண்ணுனது அதுதான் மொத தடவ. ஆனா மூணாவது கட்சி மேல வந்தது நம்பர் போட்டதால இல்ல அண்ணே, பெட்ரோலுக்கு ரெண்டு நாள் வரிசைல நின்னதால. பெரியப்பாவும் நின்னாரு.

மைக் புடிச்சவன்:

மில்லு அண்ணே, கருப்பு டீசர்ட் நான் இல்ல, ஆனா எங்க நாம் தமிழர் ஆளுதான் 😄

அங்கீகாரம் கெடைக்கறதுக்கு முன்ன எங்க கஷ்டம் ஓட்டு எண்றதுக்கு ரொம்ப முன்னாடியே ஆரம்பிச்சிரும். பெரிய கட்சி வேட்பாளருக்கு முன்மொழிய ஒரு ஆளு போதும். அங்கீகாரம் இல்லாத கட்சின்னா பத்துப் பேரு, அந்தத் தொகுதி ஓட்டர்களா. ஒருதடவ ஒரு தேர்தலுக்கு பத்துப் பேரச் சேத்துக்கிட்டு வேன்ல போறோம், ஒரு அண்ணனோட பாகம் எண் தப்பா எழுதிருக்குன்னு கடைசி நேரத்துல கண்டுபுடிச்சு, பட்டியலத் தேடுனா நெட் சுத்துது, அவரு சம்சாரத்துக்குப் போன் போட்டு பீரோல இருக்க பழைய பூத் சிலிப்ப எடுத்து வாசிக்கச் சொன்னோம், அந்தக்கா கண்ணாடி இல்லாம 7ஐ 1ன்னு வாசிச்சிருச்சு. எப்படியோ சமாளிச்சோம்.

அடுத்தது சின்னம். 2019, 2021 ரெண்டு தேர்தலும் கரும்பு விவசாயின்னு வீடு வீடாச் சொல்லி மனசுல பதிய வச்சோம். 2024ல அது வேற கட்சிக்குப் போயிருச்சு, எங்களுக்கு மைக். இருந்த கொஞ்ச நாள்ல எத்தன வீட்டுக்குப் போயி மாத்திச் சொல்றது. சாக்கோட்டைப் பக்கம் ஒரு ஆயா ஓட்டுப் போட்டுட்டு வந்து என்னத் திட்டுச்சு, "கரும்பத் தேடித் தேடிப் பாத்தேன், ஒளிச்சு வச்சிட்டீகளேடா"ன்னு. அப்ப யாருக்குப் போட்டீகன்னு கேட்டேன். "எல ரெண்டு இருந்துச்சு, அதுல போட்டேன்."

சிவகங்கைல அப்ப எங்களுக்கு விழுந்தது 1 லட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல. அம்புட்டு ஓட்டும் வாங்கி, ஆறுல ஒரு பங்கு வராததால 25 ஆயிரம் டெபாசிட் போச்சு. ஆனா மாநிலம் பூரா 8 சதவீதம் தாண்டுனதுல அங்கீகாரம் கெடச்சுது. தேமுதிக 2006ல தொட்ட அதே எட்டு. அதனாலதான் கோட்டையூர் அண்ணன் கதைய ரெண்டு தடவ படிச்சேன்.

ஆத்தங்குடி மருமக:

தம்பி, தப்பா எடுத்துக்காதீக. எட்டு வாங்குறது வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். 2011ல தேமுதிக அதிமுகவோட சேந்து 41ல நின்னு 29 ஜெயிச்சு, திமுகவே 23ன்னு எறங்கி, விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவர் ஆனாரு. மூணாவது ஆளு ரெண்டாவது ஆனாரு. அஞ்சே வருசம், 2016ல ஒரு சீட்டு இல்ல. சேந்தாலும் கரையுது, தனியா நின்னாலும் கரையுது. ஐயா இருந்தா கேட்டிருப்பேன்.

மைக் புடிச்சவன்:

ஆச்சி, அந்த சைக்கிள் இன்னும் இருக்கா?

ஆத்தங்குடி மருமக:

இருக்கு. டயர் இல்ல. எம்பையன் செயினக் கழட்டி எதுக்கோ எடுத்துட்டுப் போயிட்டான்.

கோட்டையூர்க்காரன்:

மில்லு அண்ணே, ஒன்னு கேக்கணும்னு நெனச்சேன், அந்த ஊரணி என்னாச்சு?

புதுவயல் மில்லு:

சர்வேயர் வந்தாரு கல்லு ஊனுனாரு. ஒரு கல்லு ஆளுங்கட்சிக்காரர் செட்டுக்கு உள்ள நிக்குது இன்னொன்னு எதிர்க்கட்சிக்காரர் செட்டுக்கு உள்ள. செட்டும் நிக்குது. அவரு அந்தக் கல்லுல துண்டு காயப்போடுறாரு, தெனம் காலைல போறப்ப பாக்குறேன். அந்தப் பய மறுபடி மனு எழுதிக்கிட்டு இருக்கான், ஜெராக்ஸ் செலவுக்கு எங்கிட்டத்தான் வந்தான், இதுக்கு ரசீது வேணாம்னுட்டேன்.